அண்ணி கழற்றிய குழாய்

நாத்தனார் என்றால் அண்ணியின் தலையை உருட்டவே பிறந்தவள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. உருட்டுவதற்கு என் அண்ணன் தலையே போதுமான அளவு பெரிதாக இருக்கிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு, "கூடப் பிறந்தவனை இப்படி விட்டுக்கொடுக்கலாமா?" என்று யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வர வேண்டாம். விட்டுத்தான் கொடுத்தேன். அவன் செய்த காரியம் அப்படி.

அண்ணி ரேடியேட்டர் வேலை செய்கிறவள். எங்கள் சந்தின் கோடியில் ஒட்டினாற்போல் இரண்டு ஷெட். பெரியதில் அண்ணன் இன்ஜின் வேலை பார்க்கிறான். சின்னதில் அண்ணி. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, காஸ் டார்ச், செம்பு பித்தளைத் துண்டுகள், சுவரெல்லாம் ஆணியடித்து மாட்டிய ரப்பர் ஹோஸ்கள். ஒழுகும் ரேடியேட்டரைத் தொட்டிக்குள் முக்கிக் காற்றடித்தால், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே குமிழி வரும். அதைப் பார்த்துப் பார்த்து மனிதர்களிடமும் அவளுக்கு அதே பழக்கம் வந்துவிட்டது. வாயைத் திறக்காமல் ஒருவரை உற்றுப் பார்ப்பாள். எதிரில் இருப்பவர் நெளிந்து, தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். என் அண்ணனிடம் குமிழி வர நேரமே ஆகாது.

ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்னறை ஜன்னலோரம் என் தையல் மெஷின். அங்கே உட்கார்ந்தால் இரண்டு ஷெட்டும் தெரியும், பேச்சும் கேட்கும். நான் ஒட்டுக் கேட்பதில்லை. அவர்கள் மெல்லப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதனால், வருகிற வாடிக்கையாளர் டார்ச்சும் கையுமாக நிற்கும் அண்ணியையே பார்த்து, "மெக்கானிக் இல்லையா மேடம்?" என்று கேட்பதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அண்ணி டார்ச்சை அணைக்காமலே பதில் சொல்வாள். சிலர் அதைப் பார்த்து இரண்டடி பின்னால் போவார்கள்.

அந்தக் கார் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடையில் செத்துப்போன ரேடியேட்டர்களைப் பொறுக்கி எடுத்து வருவது அண்ணியின் வழக்கம். ஒரு நாள் அப்படிப் போனபோது, குவியலுக்குப் பக்கத்தில் இரண்டு கதவு கார் ஒன்று நின்றிருக்கிறது. தாழ்வான உடம்பு, நீண்ட மூக்கு, ஓட்டப் பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. பின்னால் எதுவோ மோதி அப்பளமாக நொறுங்கியிருந்தது. முன்னால் இன்ஜினில் ஒரு கீறல் இல்லை.

"நாளைக்கு இத உடைக்கப் போறேம்மா," என்றார் கடைக்காரர்.

"அதுக்கு முன்னாடி உங்க கைய ஒடைச்சிடுவேன்," என்றாள் அண்ணி.

அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. கடைக்காரரிடம் இரண்டு பழைய லாரிகள் உண்டு. அவற்றின் ரேடியேட்டர்கள் ஒழுகும்போதெல்லாம் அண்ணி அடைத்துக் கொடுப்பது, காரை அவள் எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். அந்த லாரிகள் இன்றைக்கும் ஒழுகுகின்றன. அவள் இன்றைக்கும் அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

தகடு வேலை, வயரிங், தண்ணீர் ஓட்டம் எல்லாம் அவள் கை. இன்ஜினைப் பிரித்துச் சேர்த்ததில் அண்ணனுக்குப் பாதிப் பங்கு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. அவன் நல்ல வேலைக்காரன். இருக்கை உறை நான் தைத்தது, கறுப்பு ரெக்சினில் சிவப்பு நூல். பின் இருக்கை என்று ஒன்று பேருக்கு இருந்தது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். எனக்கு எப்போதும் அந்த இடம்தான்.

ஊருக்கு வெளியே விமானம் இறங்குவதை நிறுத்திவிட்ட ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் சங்கம் வைத்து, அவ்வப்போது அங்கே ஓட்டம் நடத்துவார்கள். ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பி, கோடியில் வைத்த பீப்பாயைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். எடுத்துக்கொண்ட நேரத்தை ஒரு பெரிய கரும்பலகையில் எழுதுவார்கள். பரிசு எதுவும் கிடையாது. பலகையில் மேலே இருப்பவன் சாயங்காலம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியலாம், அதுதான் பரிசு.

வண்டி தயாரானதும் அண்ணன், "மொதல்ல நான் ஓட்டிப் பாத்துடறேன், அப்புறம் நீ," என்றான். அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அவன்தான் ஓட்டினான். சாவிக்கு வாய் திறந்து கேட்கக்கூட மாட்டான், கையை நீட்டுவான். சாவி கைக்கு வந்துவிடும். பலகையில் வண்டிக்கு நேராக 'வொர்க்ஷாப்' என்று எழுதுவார்கள், சங்கத்தில் அவனுக்கு அதுதான் பட்டப்பெயர். வருகிறவன் போகிறவனெல்லாம் பானெட்டைத் தட்டி, "உங்க வண்டி பிரமாதம் சார்," என்பான். அண்ணன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். பக்கத்தில் அண்ணி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மத்தியானம் அவள் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மொத வரணும்னுகூட ஆசை இல்லடி," என்றாள். "நான் எப்படிச் செஞ்சேனோ அப்படியே, நானே ஒரு தடவ ஓட்டி, அந்தப் பலகைல ஒரு நேரம் எழுத வைக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அத வாயத் திறந்து அவன்கிட்ட கேளுங்க அண்ணி."

"கேக்க மாட்டேன். என் வண்டிய நான் எதுக்குக் கேக்கணும்?"

இதிலிருந்துதான் அந்தக் குழாய் விவகாரம் ஆரம்பித்தது.

இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கும் வாய் ஒன்று உண்டு. த்ராட்டில் பாடி என்பார்கள். உள்ளே ஒரு வட்டத் தகடு; ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். உறைபனி விழும் இடங்களில் ஈரக் காற்று அந்தத் தகட்டில் உறைந்து ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதற்காக, இன்ஜினில் சூடான கூலண்ட் தண்ணீரை இரண்டு மெல்லிய ஹோஸ் வழியாகக் கொண்டுவந்து அந்த வாயைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து வெயிலில் அதற்கு வேலை இல்லை. காற்றைச் சூடாக்குவதுதான் மிச்சம். காற்று குளிர்ந்திருந்தால் இன்ஜினுக்குக் கொஞ்சம் தெம்பு கூடும். அதனால் வேக வண்டி வைத்திருப்பவர்களில் சிலர் அந்த இரண்டு ஹோஸையும் வாயிலிருந்து பிடுங்கி, ஒன்றோடொன்று சேர்த்துவிடுவார்கள். தண்ணீர் வாயைத் தொடாமல் நேராகத் திரும்பிப் போய்விடும். இத்தனையும் அண்ணி எனக்குச் சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரே பாடி, நான் தைக்கும் சட்டையின் பாடிதான்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கம்பெனிக்காரன் என்ன மடையனா? காரணம் இல்லாமலா வெச்சிருப்பான்?"

"அவன் பனி விழற ஊருக்கும் சேர்த்து வெச்சிருக்கான். இங்க எங்க பனி? நம்ம ஃப்ரிட்ஜுலகூட ஐஸ் ஒழுங்கா பிடிக்க மாட்டேங்குது."

"அதக் கழட்டினா பெருசா ஒண்ணும் பவர் ஏறாது. சும்மா பேச்சு."

"ஏறாட்டிப் போகுது. வாய்க்கிட்ட அடுப்ப வெச்சுக்கிட்டு எவனாவது ஓடுவானா?"

அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை. பெரிதாக எதுவும் ஏறாதுதான். ஆனால் அண்ணிக்குக் கணக்கு வேறு. அந்தக் காரில் அதுவரை அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் அண்ணன் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தான். அவன் தலையாட்டாத ஒரு காரியத்தை அவள் செய்யப்போவது இதுதான் முதல் தடவை. ஒரு செம்புக் குழாய்த் துண்டைச் சூடுகாட்டி அரைவட்டமாக வளைத்தாள். ஹோஸ் வழுக்கி வராமலிருக்க இரு முனையிலும் விளிம்பு வைத்துப் பற்றவைத்தாள். இரண்டு ஹோஸையும் அதில் செருகி ஸ்பிரிங் கிளிப் மாட்டினாள். ஹோஸைச் சுற்றித் திருகால் இறுக்கும் கிளாம்பை அவள் கையால் தொடமாட்டாள். முறுக்க முறுக்க அது ரப்பரை அறுத்துவிடும் என்பாள். அண்ணன் திருகு கிளாம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்தே ராசியில்லை.

மாட்டி முடித்து வண்டியைக் கிளப்பினாள். ஐயோ, அந்தச் சத்தம்! சும்மா நிற்கும் வண்டி மேடேறுவதுபோல் அலறியது. சூடேறினால் அடங்கும் என்று பார்த்தால் இன்னும் ஏறியது. சந்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். என் ஊசியில் நூல் அறுந்தது. அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நான் சொன்னேன்ல? பழையபடி மாட்டிடு. பாவம், கத்துது."

அண்ணி வண்டியை அணைத்தாள். பழையபடி மாட்டவில்லை. அவள் பிடித்த பிடியை விடுகிறவள் இல்லை. இரண்டு மூன்று நாள் வேலை முடிந்த பிறகு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சாயங்காலம், வண்டி அலறிக்கொண்டிருக்கும்போது, அந்த வாய்க்குள் ஓரமாக இருந்த சின்ன ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்தாள். அலறல் சட்டென்று தணிந்தது. விரலை எடுத்தாள், அலறியது. வைத்தாள், தணிந்தது. இப்படியே விளையாடிக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகமெல்லாம் பல்.

அந்த ஓட்டைக்குப் பின்னால் மெழுகு வைத்த ஒரு வால்வு இருந்திருக்கிறது. இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது நின்றுவிடாமலிருக்க அது கொஞ்சம் கூடுதல் காற்று விடும். சுடுதண்ணீர் வந்து மெழுகு உப்பியதும் மூடிக்கொள்ளும். இவள் சுடுதண்ணீரை நிறுத்திவிட்டாளே, வண்டி கொதித்தாலும் அந்த வால்வுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. தண்ணீரோடு பிழைக்கிறவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "என் புத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டு, பழைய ரேடியேட்டர் தொட்டியிலிருந்து ஒரு பித்தளைத் தகடு வெட்டி அந்த ஓட்டையை ஒரேயடியாக அடைத்தாள். இப்போது சூடான பிறகு வண்டி சாதுவாக நின்றது. ஆனால் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் கொஞ்ச நேரம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக்கூடாது, எடுத்தால் செத்துவிடும்.

"இது என்ன பொழப்பு? தெனமும் காலைல இதுக்குக் காவலா உட்காரணுமா?" என்றான் அண்ணன்.

"உட்காருவேன். என் கால்தானே வலிக்கப்போகுது?"

அடுத்த ஓட்டம் அறிவித்ததும் அண்ணி சங்கத்துக்குப் போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஓட்டுபவர் என்ற இடத்தில் தன்னை. அண்ணனிடம் சாப்பிடும்போது சொன்னாள், உப்பை எடுங்கள் என்று சொல்வதுபோல. அண்ணன் மென்று விழுங்கினான். "சரி, ஓட்டு," என்றான். நானும் நம்பினேன்.

ஓட்டத்தன்று காலை கொஞ்சம் மூடுபனி. போகும் வழியில் அண்ணன்தான் ஓட்டினான், அவள் தெம்பாக இருக்கட்டுமாம். நான் வழக்கம்போல் பின்னால் சுருண்டு கிடந்தேன். ஓடுதளத்தில் வண்டிகள் வரிசை கட்டின. எங்களுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கார். கொடி பிடிக்கும் பெரியவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, அண்ணனிடம், "ரெடியா சார்? உங்க வண்டிதான் அடுத்து," என்றார்.

"நான்தான் ஓட்டறேன்," என்றாள் அண்ணி.

"அப்படியா மேடம்? பாத்து, மெதுவா போங்க," என்றார். மெதுவாகப் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?

அண்ணிக்கு ஒரு பழக்கம். எந்த வண்டியையும் கையைவிட்டு அனுப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பாள். அன்றைக்கும் திறந்தாள். மேல் ஹோஸைத் தொட்டாள், பெல்ட்டைத் தொட்டாள், த்ராட்டில் பாடியில் கை வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவளுடைய செம்பு வளைவு இல்லை. இரண்டு ஹோஸும் பழையபடி அந்த வாயில் மாட்டியிருந்தன. மேலே இரண்டு புத்தம்புது திருகு கிளாம்ப், கண்ணைப் பறித்துக்கொண்டு மின்னின.

அண்ணி நிமிர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குமிழி வந்தது.

"நேத்து நீங்க ரெண்டு பேரும் கடைக்குப் போனப்ப மாட்டினேன்," என்றான். "காலைல பனி இருக்கும்னு சொன்னாங்க. அந்தத் தகடு ஒட்டிக்கிட்டு, நீ கால எடுத்தும் வண்டி ஓடினா? உன் நல்லதுக்குத்தான் பண்ணேன். ஓட்டம் முடிஞ்சதும் உன் வளைவையே மாட்டி வெச்சிடலாம்னு..."

"எனக்குத் தெரியாமலேயா?"

அவன் திருதிருவென்று விழித்தான்.

அண்ணன் பயந்தது நிஜம். அதையும் சொல்லிவிடுகிறேன். இரவெல்லாம் அவன் புரண்டு புரண்டு படுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் உடைந்துபோவான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை, திருட்டுத்தனமாகக் கிளாம்ப் முறுக்க மட்டும் கை வந்ததா?

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள் அண்ணி. குரல் ஏறவே இல்லை. "நாம சண்டை போட்டிருக்கலாம். நீங்க ஜெயிச்சிருந்தாலும் ஜெயிச்சிருப்பீங்க. என்கிட்ட பேசாம என் வண்டிகிட்ட போய்ப் பேசினீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல."

மஞ்சள் கார் சீறிக்கொண்டு கிளம்பிப் போனது. கொடிக்காரர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"வாங்க மேடம், அடுத்து நீங்க."

"வரல."

"என்னது?"

"என் வண்டி இன்னும் ரெடியாகல."

"லைன விட்டுப் போனா காலை ரவுண்டு போச்சும்மா. அப்புறம் சாயங்காலம் கடைசியாத்தான் விடுவோம்."

"போகட்டும்."

"இப்படியே ஓட்டிடேன்," என்று அண்ணன் கெஞ்சினான். "ஒரு வித்தியாசமும் இருக்காது. சத்தியமா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இது நீங்க செஞ்ச வண்டி. உங்களுக்கு வேணும்னா நீங்க ஓட்டுங்க. நான் செஞ்ச வண்டியத்தான் நான் ஓட்டுவேன்."

கதவைத் திறந்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "தள்ளுடி," என்றாள் என்னிடம். நானும் அவளுமாக வண்டியை வரிசையிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினோம். அண்ணன் ஒரு கை கொடுக்க வந்தான். "வேணாம்," என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

கொதிக்கிற இன்ஜினில் ஹோஸைப் பிடுங்கினால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, சக்கரத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். பனி விலகி வெயில் ஏறியது. ஆளாளுக்கு வந்து மூக்கை நுழைத்தார்கள். மஞ்சள் கார்க்காரர் வந்து, "அந்தக் குழாய்க்காகவா ரன்ன விட்டீங்க? அதுல ஒண்ணுமே இல்லையே," என்றார். "ஒண்ணுமே இல்லாததுக்கா சார் நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?" என்றேன் நான். வந்த வழியே போனார். இன்னொருவர் அண்ணனிடம், "என்ன சார், வீட்டுல பிரச்சனையா?" என்று காதைக் கடித்தார். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்ன செய்வது, அவனாகத் தேடிக்கொண்டது.

வண்டி ஆறியதும் அண்ணி எழுந்தாள். திருகு கிளாம்ப் இரண்டையும் கழற்றித் துடைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு அண்ணனுக்கு எதிரில் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

அவன் தன் சட்டைப் பையிலிருந்து அந்தச் செம்பு வளைவை எடுத்துக் கொடுத்தான். கூடவே அவளுடைய ஸ்பிரிங் கிளிப்புகள். காலையிலிருந்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறான். அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. அண்ணிக்கு ஆகவில்லை.

அவள் ஹோஸ்களைப் பிடுங்கிச் செம்பு வளைவில் மாட்டும்போது கொஞ்சம் கூலண்ட் கொட்டிப்போனது. என் குடிதண்ணீர் பாட்டில் முழுவதும் ரேடியேட்டருக்குள் போனது. உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி காய்ந்துவிடும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் ரேடியேட்டர் வாயைப் பார்த்துக்கொண்டே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"நீ வாடி," என்று அண்ணி என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணி?"

"குமிழி வருதான்னு பாக்கத் தெரியும்ல? அது போதும்."

கிளம்பும்போது வண்டி இருமியது. காவல் வேண்டிய வண்டி அல்லவா? வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி காலை எடுக்கவில்லை. நான் அமுக்கினேன். குமிழி வந்தது, வந்தது, பிறகு நின்றது. "போதும் அண்ணி!" என்று கத்தினேன். வண்டி சாதுவாக உறுமிக்கொண்டு நின்றது. அண்ணி இறங்கி வந்து த்ராட்டில் பாடியில் புறங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. என் கையையும் பிடித்து அதன்மேல் வைத்தாள். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, அந்த வாய் மட்டும் வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

சாயங்காலம் கடைசி வண்டியாக விட்டார்கள். பாதிப் பேர் கிளம்பிப் போயிருந்தார்கள். கொடி இறங்கியதும் அவள் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் போனாள். அண்ணன் என் தோளைப் பிடித்த பிடியில் தோள் கன்றிப்போனது. பீப்பாயைச் சுற்றும்போது பின்சக்கரம் வழுக்கியது. அகலமாகப் போய்விட்டாள், அங்கேதான் நேரம் போனது. திரும்பி நேராக எங்களைப் பார்த்து வந்தாள். கோட்டைத் தாண்டியதும் காலை எடுத்தாள். வண்டி அடங்கியது. எதுவும் எங்கேயும் ஒட்டிக்கொள்ளவில்லை.

கொடிக்காரர் நேரத்தை வாசித்தார். போன முறை அண்ணன் இதே வண்டியில் எடுத்ததைவிட மயிரிழை அதிகம். பலகையில் நடுவுக்கும் கீழே.

"பரவால்ல மேடம், மொத தடவைக்கு நல்லாவே ஓட்டினீங்க," என்றார் ஒருவர். அண்ணன் அடக்கிக்கொள்ள முடியாமல், "நான் சொன்னேன்ல, அதுல ஒண்ணும் வித்தியாசம் இல்லன்னு," என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆமா, இல்லதான்," என்றாள் அண்ணி. ஹெல்மெட்டைக் கழற்றினாள். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது, கண் இரண்டும் பளபளத்தன. "வளைவுல நான்தான் தப்புப் பண்ணேன். அடுத்த தடவ பண்ண மாட்டேன். இந்த நேரத்துல இருக்கற தப்புகூட என்னோடது."

கொடிக்காரர் சுண்ணக்கட்டியை எடுத்து வழக்கம்போல் 'வொர்க்' வரைக்கும் எழுதிவிட்டார்.

"அத அழிங்க," என்றாள்.

"அப்ப என்னன்னு எழுத?"

"ரேடியேட்டர்."

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "அவர ஏன் பாக்கறீங்க? ஓட்டினது அவங்க," என்றேன் நான். அவர் அழித்துவிட்டு எழுதினார். சுண்ணக்கட்டி கீச்சென்றது. நான் அதை இரண்டு தடவை வாசித்தேன், சொல்வதற்கென்ன?

எல்லோரும் கிளம்பினார்கள். டீ பிளாஸ்கை நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, வழக்கம்போல் கையை நீட்டினான். வேண்டுமென்று செய்யவில்லை, அந்தக் கைக்குப் பழகிவிட்டது.

அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். தன் சட்டைப் பைக்குள் விரலை விட்டு, திருகு கிளாம்ப் இரண்டையும் எடுத்து அதில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கிவிட்டாள்.

"இது உங்களோடது," என்றாள். "பின்னாடி ஏறுங்க."

"பின்னாடியா? அதுல எப்படி நான்..."

"உங்க தங்கச்சி இத்தன வருஷமா எப்படி உட்கார்ந்தாளோ, அப்படி."

அண்ணன் மடங்கி, நெளிந்து, தலையை ஒரு தரம் இடித்துக்கொண்டு உள்ளே போனான். நான் தைத்த இருக்கையில் முதல் தடவையாக நான் முன்னால் உட்கார்ந்தேன். வீடு வரைக்கும் அவன் முழங்கால் என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. இருக்கையை முன்னால் தள்ள ஒரு நெம்புகோல் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.